இன்ஜினியரம்மாவின் புருஷன்

சிவப்பு விழுந்ததும் நல்லதாகப் போயிற்று. பச்சையாக இருந்திருந்தால் நேரே பாலத்தின் மேல் ஏறியிருப்பேன், அவள் என்னைப் பார்த்திருப்பாள், எதற்கு வந்தேன் என்று சொல்ல ஒரு வார்த்தை கைவசம் இல்லாமல் அசட்டுச் சிரிப்பு ஒன்றைச் சிரித்துவிட்டு அக்கரைக்குப் போய்ச் சேர்ந்திருப்பேன். இப்போது வசதி. வளைவிலேயே வண்டியை நிறுத்தி இன்ஜினையும் அணைத்துவிட்டேன். வில்லோ மரத்தின் கிளைகள் முன்கண்ணாடியில் பாதியை மறைக்கின்றன. ‘சிவப்பு எரிந்தால் இங்கே நிற்கவும்’ என்று எழுதிய பலகை இன்னும் இரண்டு லாரி நீளம் தள்ளி விளக்குக் கம்பத்தடியில் இருக்கிறது, இருக்கட்டும், அங்கே போய் நின்றால் அவள் கண்ணில் பட்டுவிடுவேன். இங்கிருந்து எனக்கு அவள் தெரிகிறாள், அவளுக்கு நான் தெரியவில்லை. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் கழித்துப் பெண்டாட்டியை மரத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்து பார்க்கப்போகிறாய் என்று எவனாவது அன்றைக்குச் சொல்லியிருந்தால் பல்லைப் பெயர்த்திருப்பேன். பார்க்கிறேன். மஞ்சள் மேல்சட்டை, வெள்ளைத் தொப்பி, கால்மேல் கால். பாலத்தின் நடுவில் ஒரு தூணுக்கு மேலே முக்கோணமாக ஒரு மூலை விட்டிருக்கிறார்கள், அந்தக் காலத்தில் மாட்டுவண்டியோ குதிரைவண்டியோ வந்தால் நடந்து போகிறவர்கள் ஒதுங்கி நிற்பதற்காக. அந்த மூலையில் இரண்டு பேர் உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கும். இரண்டு பேர்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அந்த இன்னொருத்தன்தான் டெரெக். கொத்தனார். இங்கே அவர்களைக் கொத்தனார் என்று சொன்னால் குறைச்சல், கல் கலைஞர் மாதிரி ஏதோ பெரிய பெயர். ஐம்பது வயது இருக்குமா, தாடி, முழங்கை வரைக்கும் சுண்ணாம்பு. ஆளை இன்றைக்குத்தான் பார்க்கிறேன், பெயரைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப் போயிருக்கிறது. டெரெக் இப்படிச் சொன்னார், டெரெக் அந்தக் கல்லைத் தட்டிப் பார்த்தே உள்ளே பொக்கு என்று கண்டுபிடித்துவிட்டார், டெரெக்கின் அப்பாவும் இதே பாலத்தில் வேலை செய்தாராம். சரி, செய்யட்டும், எனக்கென்ன. ஆனால் அவன் கையில் இருப்பது என்ன? எவர்சில்வர் டப்பா மூடி. மூடியில் மஞ்சளாக இருப்பது காலையில் ஐந்து மணிக்கு எழுந்து நான் செய்த அரிசிம்பருப்புச் சோறு. சின்ன வெங்காயம் கிடைக்காமல் மூன்று கடை ஏறி இறங்கி வாங்கி, உரிக்கும்போது கண்ணில் தண்ணீர் வழிய உரித்து, நெய் விட்டுக் கட்டிக் கொடுத்தது. அவன் அதைக் கரண்டியால் அள்ளி அள்ளித் தின்கிறான். நல்லா இருக்கிறது என்று தலையாட்டுகிறான். நல்லா இல்லாமல் என்ன? அவள் சிரிக்கிறாள். வீட்டில் அந்தச் சோற்றை முன்னால் வைத்தால் போனைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவாள், உப்புச் சரியா என்று கேட்டால் ‘ம்’ என்பாள். ம். பன்னிரண்டு வருஷத்துக்குச் சேர்த்து ஒரு ‘ம்’. வயிறு எரிகிறது. மரியாதையாகச் சொல்ல வேறு வார்த்தை இல்லை, வயிறுதான் எரிகிறது.

கோகிலவாணி என்பது அவள் பெயர். நான் வாணி என்பேன். அவர்கள் ‘கோக்கி’ என்கிறார்கள். ஒரு நாள் ஸ்பீக்கரில் போட்டுப் பேசிக்கொண்டே தோசை ஊற்றினாள், அந்தப் பக்கத்திலிருந்து ‘கோக்கி, கோக்கி’ என்று அவன் குரல், அவளும் அதற்கு நாய்க்குட்டியாட்டம் திரும்பிப் பதில் சொன்னாள். பெயரை நடுவில் வெட்டி ஆளுக்கொரு பக்கம் எடுத்துக்கொண்டோம் போலிருக்கிறது. போன வியாழக்கிழமை அவளுடைய மேல்சட்டையைத் துவைக்கப் போடும்போது பார்த்தேன், இடது தோளில் வெள்ளையாக நாலு விரல். சுண்ணாம்புக் கை. கட்டைவிரல் இல்லை, நாலு விரல் மட்டும், பின்பக்கமிருந்து வைத்த கை. மெஷினில் போட்டேன், பொத்தானை அழுத்தப் போனேன், திரும்ப வெளியே எடுத்தேன். என் கையை அதன்மேல் வைத்துப் பார்த்தேன். என்னுடையதைவிடப் பெரிய கை. பிறகு பொத்தானை அழுத்தினேன். கேட்கவில்லை. எப்படிக் கேட்பது? கேட்டால் ஏதாவது சொல்லுவாள், சொல்வதை நம்ப வேண்டும், அல்லது நம்பாமல் இருக்க வேண்டும், இரண்டுக்கும் எனக்குத் தெம்பு இல்லை. கேட்காமல் இருந்தால் நாலு விரல் வெறும் நாலு விரலாகவே இருக்கும் என்று நினைத்தேன். இருக்கவில்லை. ஒரு வாரமாக அந்தக் கை வீட்டுக்குள் நடமாடுகிறது.

அறுநூறு வருஷத்துப் பாலம். மாங்க்ஃபோர்ட் பாலம் என்று பெயர். ஐந்து கண். ஒவ்வொரு கண்ணும் ஒவ்வொரு அகலம், ஒன்று கூர்மை, ஒன்று மொண்ணை, எனக்குக் கீழே ஓவர்சீயராக இருந்தவர் இப்படிக் கட்டியிருந்தால் இடித்துக் கட்டு என்றிருப்பேன். கீழே ஓடுவதை ஆறு என்கிறார்கள். கோபியில் எங்கள் தடப்பள்ளி வாய்க்கால் இதைவிட அகலம், அதில் குதித்து நீந்திய எனக்கு இது ஆறாம். மே மாதம் ஒரு டிராக்டர் டிரெய்லர் கைப்பிடிச் சுவரை இடித்துத் தள்ளிவிட்டது, அதைத் தூக்கி வைக்க நாலு மாதம், ஒரு கம்பெனி, அந்தக் கம்பெனியில் ஒரு இன்ஜினியரம்மா, அந்த இன்ஜினியரம்மாவுக்கு ஒரு டெரெக். எங்கள் துறையில் நான் நாலே மாதத்தில் முழுப் பாலமே கட்டினேன். பாலம் என்றால், சிறுபாலம். இரண்டு கண். ஓடைக்கு மேலே. தண்ணீர் வருவதே வருஷத்துக்குப் பத்து நாள். ஆனாலும் அரசு உதவிப் பொறியாளர், நெடுஞ்சாலைத் துறை, ஜீப்பில் போய் இறங்கினால் நாற்காலி கொண்டுவந்து போடுவார்கள், இளநீர் வெட்டுவார்கள். இங்கே ஒரு கிடங்கில் பார்சல் பிரிக்கிறேன். காலையில் போனதும் கையில் ஒரு ஸ்கேனரைக் கட்டி விடுவார்கள், மெதுவாக நடந்தால் அது கத்தும். அவளுக்கு வேலை கிடைத்தது, நான் சம்பளமில்லா விடுப்புப் போட்டுவிட்டு கூடவே வந்தேன். மூன்று வருஷம். கல்லூரியில் அவள் எனக்கு இரண்டு வருஷம் ஜூனியர். சர்வே பாடத்தில் நிலம் அளக்கிற தியோடலைட்டை எப்படி மட்டம் பார்ப்பது என்று சொல்லிக்கொடுத்தவன் நான். மூன்று திருகையும் மாற்றி மாற்றித் திருகிக் குமிழியை நடுவுக்குக் கொண்டுவரத் தெரியாமல் அழ இருந்தாள். நானும் பக்கத்தில் நின்று தோளைத் தொடாமல்தான் சொல்லிக்கொடுத்தேன். தொட்டிருந்தால் கன்னத்தில் ஒன்று விட்டிருப்பாள், அவ்வளவு கெட்டி அப்போது.

பார், இப்போது கல்லைத் தடவுகிறாள். சாப்பிட்டு முடித்துவிட்டாள், எழுந்தாள், புதுசாகப் பூசின இடத்தில் போர்த்தியிருக்கிற ஈரச் சாக்கைத் தூக்கி உள்ளே விரலை வைத்துப் பார்க்கிறாள். பச்சைப்பிள்ளைக்குக் காய்ச்சல் அடிக்கிறதா என்று பார்க்கிற மாதிரி. எங்களுக்குப் பிள்ளை இல்லை. எனக்குக் காய்ச்சல் வந்தால் மாத்திரை டப்பா இருக்கிற இடத்தைச் சொல்லுவாள். அந்த விரல் அவ்வளவு மெதுவாக என் மேல் பட்டு எத்தனை மாதம் ஆயிற்று என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. கல்லைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவன் ஒருத்தன் உலகத்தில் உண்டா? உண்டு, வில்லோ மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறான். விடுப்பு டிசம்பரோடு முடிகிறது. ஜனவரியில் போய்ச் சேராவிட்டால் வேலை போய்விடும், அதற்கு மேல் நீட்டிக்க முடியாது என்று எழுதிவிட்டார்கள். அவளுக்கு இங்கே நிரந்தரம் தருகிறோம் என்கிறார்கள். நேற்று இரவுச் சாப்பாட்டில் சொன்னேன், ‘நாளைக்குச் சாயங்காலம் ஒரு முடிவச் சொல்லிரு. எங்கூட வர்றயா, இல்லயா.’ தட்டைப் பார்த்துக்கொண்டே ‘சொல்றேனுங்க’ என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு பாத்திரம் கழுவினாள், குளித்தாள், தூங்கினாள். அவளுக்குத் தூக்கம் வந்தது. இன்றைக்கு எனக்கு விடுமுறை. சாயங்காலம் வரைக்கும் வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்க்க முடியாமல் இருபது மைல் வண்டி ஓட்டி வந்துவிட்டேன். வந்து என்ன கண்டேன்? என் சோற்றை இன்னொருத்தன் தின்பதைக் கண்டேன். இனி சாயங்காலம் என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியாதா. பதில் மூலையில் உட்கார்ந்து மூடியை வழித்து நக்கிக்கொண்டிருக்கிறது.

வேலை நடப்பதால் பாலத்தில் ஒரு வண்டிக்குத்தான் வழி. எதிர்ப்பக்கத்திலிருந்து வண்டிகள் வருகின்றன, போகின்றன. எத்தனை முறை வந்தன? கவனிக்கவில்லை. ஒரு பால் லாரி போயிற்று, ஒரு கூட்டம் கார் போயிற்று, நடுவில் சும்மா இருந்தது, மறுபடி ஒரு கூட்டம். எனக்கு இன்னும் சிவப்பு. நல்லது, இருக்கட்டும், அவசரமில்லை. பின்கண்ணாடியைப் பார்த்தேன். வெள்ளை வேன், அதற்குப் பின்னால் பச்சைக் கார், அதற்குப் பின்னால் குதிரை ஏற்றுகிற டிரெய்லர், அதற்குப் பின்னால் வளைவு, வளைவுக்குப் பின்னால் எத்தனையோ. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. வேன்காரன் சாண்ட்விச் பிரிக்கிறான். பச்சைக் காரில் ஒரு அம்மாள் உதட்டுச்சாயம் போட்டுக்கொள்கிறாள். ஆக எல்லாருக்கும் சிவப்புதான், எல்லாரும் காத்திருக்கிறோம், ஊர் வழக்கம். ஒரு தவறு நடந்திருந்தால் ஹாரன் அடிப்பார்களே என்றுதான் நினைத்தேன். சத்தியமங்கலம் ரோட்டில் பச்சை விழுந்து மூச்சு விடுவதற்குள் பின்னால் இருக்கிறவன் காதைப் பிளந்துவிடுவான். விளக்கு கெட்டுப்போனால் இறங்கி வந்து உன் அப்பன் வீட்டு ரோடா என்பான். இங்கே ஒரு சத்தமும் இல்லாதபோது ஒரு தப்பும் இல்லை என்று எடுத்துக்கொண்டு நான் பாட்டுக்கு என் வயிற்றெரிச்சலை வளர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இருபது நிமிஷம். இவர்கள் கோபப்பட்டால் சாண்ட்விச் சாப்பிடுவார்கள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

டெரெக் எழுந்தான். வாணி அவனிடம் ஏதோ சொல்லிவிட்டுப் போனைக் காதில் வைத்துக்கொண்டு ஆற்றுப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அவன் இந்தப் பக்கம் வருகிறான். என்னைப் பார்த்துத்தான் வருகிறான். கிளம்பிவிடலாமா, எங்கே கிளம்புவது, முன்னால் சிவப்பு, பின்னால் குதிரை. தெரிந்துவிட்டது அவனுக்கு. புருஷன் வந்திருக்கிறான், ஒளிந்திருந்து பார்க்கிறான் என்று தெரிந்துவிட்டது, வந்து என்ன கேட்பான், நான் என்ன சொல்வேன், என் சோறு என்பேனா, நாலு விரல் என்பேனா, ஆங்கிலத்தில் நாலு விரலை எப்படிச் சண்டையாகச் சொல்வது. கண்ணாடியைத் தட்டினான். இறக்கினேன். கிட்டத்தில் பார்த்தால் ஐம்பது இல்லை, அறுபத்தைந்து இருக்கும், பல் பாதி இல்லை.

“மன்னிச்சுக்குங்க சார், தொந்தரவு பண்றேன்” என்றார் அவருடைய ஊர் ஆங்கிலத்தில். “அந்தப் பலகை வரைக்கும் கொஞ்சம் முன்னாடி வந்து நிக்க முடியுமா? விளக்கு மேலே ஒரு சென்சார் இருக்கு. நீங்க இவ்வளவு தள்ளி நின்னா அதுக்கு வண்டியே தெரியாது. நாள் பூரா சிவப்புதான்.”

எனக்கு உடம்பு கூசிப்போயிற்று. என்னால் இருபது நிமிஷமாக அத்தனை வண்டியும் நிற்கிறது. மன்னிப்புக் கேட்டேன், இரண்டு மூன்று முறை கேட்டேன். “அட, விடுங்க, எல்லாருக்கும் நடக்கறதுதான்” என்று சொல்லிக்கொண்டே ஜன்னலுக்குள் கையை விட்டு என் தோளில் தட்டினார். கையை எடுத்ததும் பார்த்தேன். நீலச் சட்டையில் வெள்ளையாக நாலு விரல். அதே கை. அவ்வளவுதானா? ஒரு வாரமாகச் சோறு இறங்காமல் நான் செத்தது இதற்குத்தானா? இவர் ரோட்டில் போகிற எவனையும் தட்டுவார் போலிருக்கிறது. சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. இலேசாகிவிட்டது நெஞ்சு, அவர் கையைப் பிடித்துக் குலுக்கலாமா என்றுகூடத் தோன்றியது. அப்போதுதான் அவர் குனிந்து என் முகத்தை நன்றாகப் பார்த்துவிட்டுக் கேட்டார். “நீங்க இந்தியாவா? எங்க இன்ஜினியரும் உங்க பக்கம்தான். தெற்கே. அவங்க புருஷன் அங்கே பெரிய பெரிய பாலமெல்லாம் கட்டறவர், தெரியுமா?”

எனக்குப் புரியவில்லை. எந்தப் புருஷன் என்று கேட்க வாய் வந்தது. “இந்தியாவிலயா இருக்காரு?” என்றேன்.

“ஆமா. அங்கே பெரிய அதிகாரி. காவிரின்னு ஒரு ஆறாமே, அதுக்குக் குறுக்கே இருபது கண் வெச்சுக் கட்டறாராம். இங்கே ஏதாவது முட்டிக்கிட்டா கோக்கி ராத்திரி அவருக்குப் போன் பண்ணிக் கேட்டுட்டு வந்து சொல்லுவா. ரெண்டாவது கண்ணுக்கு மேலே சுவர் உப்பிக்கிட்டு வந்துச்சு, பிரிச்சுக் கட்டணும்னு நாங்க எல்லாரும் சொன்னோம். அவர்தான் சொன்னாராம், உள்ளே தண்ணி நிக்குது, வெளியே போக வழி இல்லாம தள்ளுது, பழைய ஓட்டை எங்காவது அடைச்சிருக்கும், தேடுங்கன்னு. தேடினோம். இருந்துச்சு. யாரோ சிமெண்ட் வெச்சு அடைச்சிருக்கான். திறந்ததும் ஒரு பக்கெட் தண்ணி கொட்டுச்சு. பாலத்தைக் கண்ணால பாக்காமலே சொல்லியிருக்கார் பாருங்க.”

ஜூன் மாதம். பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். சுவர் உப்பினால் என்ன காரணம் இருக்கும் என்று கேட்டாள். என்னத்த, தண்ணி நிக்கும், ஓட்டையப் பாரு என்று தலையைத் தூக்காமல் சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். அதைக் கொண்டுபோய், இந்தியாவில் இருப்பதாக அவளே சொல்லி வைத்த ஒரு புருஷன் வாயில் வைத்திருக்கிறாள். அவன் ஜீப்பில் போகிறான். அவன் கட்டுகிற பாலத்துக்கு இரண்டு கண் இல்லை, இருபது கண், காவிரிக்குக் குறுக்கே. அவனுக்குக் கையில் ஸ்கேனர் இல்லை. அவனைப் பற்றிச் சொல்லும்போது அவளுக்கு முகம் மலர்ந்திருக்கும், இல்லாவிட்டால் இந்தப் பல்லில்லாத மனிதர் இவ்வளவு ஆசையாகச் சொல்லமாட்டார். அந்த முகத்தை எனக்கு ஒரு நாளும் காட்டியதில்லை. டெரெக் மேல் இருந்ததெல்லாம் ஒன்றுமில்லை, அது சும்மா வயிற்றெரிச்சல். இது வேறே. அவனை இழுத்துப் போட்டு மிதிக்க வேண்டும் போலிருந்தது, எங்கே இருக்கிறான் என்று தேடி மிதிப்பது? அவனும் அரிசிம்பருப்புச் சோறு தின்கிறவன்தான், அவனும் கோபிக்காரன்தான், அவளுக்குக் குமிழியை நடுவுக்குக் கொண்டுவரச் சொல்லிக்கொடுத்தவனும் அவன்தான். ஊரிலேயே இருந்துவிட்டான், அது ஒன்றுதான் வித்தியாசம்.

போனை மேல்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அவள் வந்துவிட்டாள். நாலடி தள்ளி வரும்போதே வண்டியை அடையாளம் கண்டு நின்றாள். டெரெக்கைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், என் தோளைப் பார்த்தாள்.

“எதுக்குங்க இங்க வந்தீங்க?” தமிழில், குரலை உயர்த்தாமல்.

“சாயங்காலம் வரைக்கும் பொறுக்க முடியல.”

“சொன்னாரா?”

“சொன்னார். காவிரிக்குக் குறுக்க கட்டறேனாமா?”

“மொத நாளே கேட்டாங்க, வீட்டுக்காரர் என்ன பண்றாருன்னு. வாயில அப்படித்தான் வந்துச்சு. அப்புறம் மாத்த முடியல.” கண்ணைத் துடைக்கவில்லை, ஆனால் துடைக்கிற மாதிரி இருந்தது. “பொய் சொல்லோணும்னு சொல்லலீங்க. அப்படித்தான் உங்களை நெனச்சு வெச்சிருந்தேன்.”

“சரி. நான் கேட்டதுக்குப் பதிலச் சொல்லு.”

பின்னால் நிற்கிற வண்டிகளைப் பார்த்தாள். “கொஞ்சம் முன்னாடி நகர்த்துங்க, பாவம்.”

“சொல்லு, நகர்த்தறேன்.”

“நான் வரலீங்க” என்றாள். “காலைலயே கையெழுத்துப் போட்டுட்டேன். நீங்க போயிருங்க. இங்க இருந்தா நீங்க இப்படியே ஆயிருவீங்க. என்னால பாக்க முடியல.”

யாரோ இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். இருந்திருந்தால் சட்டையைப் பிடித்திருப்பேன், நாலு பேர் விலக்கிவிட்டிருப்பார்கள், அதில் ஒரு மரியாதை இருந்திருக்கும். டெரெக் எங்கள் இரண்டு பேர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். பாஷை புரியாவிட்டாலும் ஏதோ புரிந்துவிட்டது போலிருக்கிறது, சிரிப்பு நின்றுவிட்டது. “கோக்கி, இவரைத் தெரியுமா?” என்றார்.

அவள் என்னையே பார்த்தாள். சொல்லிவிடப் போகிறாள். உதடு பிரிந்துவிட்டது, இவர்தான் என்று வரப்போகிறது, சொன்ன நிமிஷம் காவிரிக்காரன் செத்தான், இந்தப் பாலத்தில் அவள் பொய்க்காரி, நான் முப்பது வார்த்தை ஆங்கிலத்தில் பார்சல் பிரிக்கிறவன். ஜனவரிக்குப் பிறகு இங்கே அவளோடு இருக்கப்போவது அவன் ஒருத்தன்தான். எனக்கு அவனைப் பிடிக்கவில்லை. ஆனாலும் முந்திக்கொண்டேன்.

“தெரியாது” என்றேன் ஆங்கிலத்தில். “இப்போ பேசினதில்தான் தெரிஞ்சுது, ஒரே ஊர்ப் பக்கம்.”

டெரெக்குக்கு ஒரே சந்தோஷம். “அப்படிப் போடுங்க. என்ன சின்ன உலகம்” என்று மறுபடியும் தோளில் தட்டினார். “ஊருக்குப் போனா அவரைப் பாருங்க சார். நாங்க எல்லாரும் விசாரிச்சோம்னு சொல்லி ஒரு கை குலுக்கிட்டு வாங்க.”

வாணி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் சாவியைத் திருப்பினேன்.

“ஜனவரியில போறேன்” என்றேன். “பார்த்தா சொல்றேன்.”